‘பெண் மூளை’யும் ஓர் அரியர் பேப்பரும்

கேள்வி: நான் விருதுநகர் மாவட்டத்தில் வசிக்கிறேன். பத்தாவது வரை படித்தவள், வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். என் ஒரே மகள் பிளஸ் டூவில் கணக்கில் 94 வாங்கி, அவளே ஆசைப்பட்டு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தாள். முதல் செமஸ்டரில் மற்ற எல்லாப் பாடமும் பாஸ். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் மட்டும் அரியர். அவளுடைய பெரியப்பா ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவர் ஒரு யூடியூப் வீடியோவைக் காட்டினார். அதில் ஆண் மூளையில் நீலக் கோடுகள் முன்னும் பின்னுமாக ஓடுகின்றன, பெண் மூளையில் ஆரஞ்சுக் கோடுகள் இடமும் வலமுமாக ஓடுகின்றன. “பொம்பளப் பிள்ளைங்க மூளை அமைப்பே வேற. பேச்சு, மொழி, மனப்பாடம் இதெல்லாம் வரும். மெஷின் டிராயிங் வராது. இப்பவே கோர்ஸை மாத்திடுங்க” என்கிறார். அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து மகள் டிராஃப்டரை (படம் வரையும் கருவி) தொடவே இல்லை. அறிவியலில் இப்படித்தான் நிரூபித்திருக்கிறார்களா? கோர்ஸை மாற்றிவிடலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

கோர்ஸை மாற்ற அந்த வீடியோ ஒரு காரணம் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு அதிகம் கவலை தந்தது அரியர் இல்லை, அவள் டிராஃப்டரைத் தொடவில்லை என்பதுதான். ஒரு பெண் முயற்சி செய்து பார்த்துத் தோற்பது வேறு. உன் மண்டைக்குள்ளேயே அது இல்லை என்று கேட்டுவிட்டு முயற்சியை நிறுத்துவது வேறு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மகளிடமும் படிக்கக் கொடுங்கள். முடிந்தால் பெரியப்பாவிடமும் கொடுங்கள், அவரைக் குறை சொல்ல இதில் ஒரு வரியும் இல்லை.

நான் நரம்பியல் உளவியல் பிரிவில் வேலை செய்கிறேன். பக்கவாதம், தலைக்காயம், மறதி நோய் என்று வருகிறவர்களை உட்காரவைத்து, நினைவு, பேச்சு, இடம் திசை அறியும் திறன் ஆகியவற்றைச் சோதிப்பதுதான் என் அன்றாட வேலை. ஆண் மூளை, பெண் மூளை என்ற பேச்சு எனக்கு வீடியோவில் பார்த்த விஷயம் இல்லை, மேசைக்கு எதிரே தினமும் உட்காரும் விஷயம்.

அந்த நீல, ஆரஞ்சுப் படத்தை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 8 வயதிலிருந்து 22 வயது வரையான 949 பேரை ஸ்கேன் செய்து, 2013 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு அது. மூளைக்குள் நீர் எந்தத் திசையில் சுலபமாக நகர்கிறது என்று எம்ஆர்ஐ கருவியால் அளந்து, அதிலிருந்து நரம்பிழைகள் போகும் பாதையைக் கணிப்பார்கள். உண்மையான ஆய்வுதான். பெரியப்பா எங்கோ கட்டிவிட்ட கதையைக் காட்டவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிற எல்லோரும் ஒன்று ஒரு ஆணின் மூளை, இன்னொன்று ஒரு பெண்ணின் மூளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது யாருடைய மூளையும் கிடையாது.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். இரண்டு பேருடைய அளவு பிளவுஸை ஒன்றன்மேல் ஒன்று விரிக்கிறீர்கள். கழுத்து, தோள், முதுகு, இடுப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. கைக்குழியில் கால் இஞ்ச், பக்கத்தில் அரை இஞ்ச் வித்தியாசம். வித்தியாசம் உள்ள இடங்களில் மட்டும் சாக்பீஸால் கோடு போட்டு, பிளவுஸை எடுத்துவிட்டு, அந்தக் கோடுகளை மட்டும் ஒருவரிடம் காட்டினால் என்ன நினைப்பார்? இரண்டும் வேறு வேறு உடுப்பு என்றுதான் நினைப்பார். அந்தப் படம் அப்படிச் செய்ததுதான். 428 ஆண்களின் சராசரி, 521 பெண்களின் சராசரி, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் தெரிந்த இணைப்புகளை மட்டும் வரைந்தார்கள். இரு பாலருக்கும் ஒன்றாக இருந்தவை படத்தில் வரவே இல்லை. அவைதான் அதிகம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆண்களின் உடல் சராசரியாகப் பெரியது, மூளையும் ஏறக்குறைய பத்து சதவீதம் பெரியது. மூளை பெரிதாக ஆக, இடப் பாதியிலிருந்து வலப் பாதிக்குப் போகும் தூரம் கூடுகிறது. அதனால் அந்தந்தப் பாதிக்குள்ளேயே இணைப்புகள் ஒப்பீட்டளவில் அதிகமாகின்றன. பெரிய ஊரில் அந்தந்தப் பேட்டைக்குள்ளேயே கடைகண்ணி வந்துவிடுவது போல. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் உள்ள ஆய்வாளர்கள் இதைத் தனியாகச் சோதித்து 2014இல் எழுதினார்கள். இணைப்பு முறை ஆணா பெண்ணா என்பதைவிட மூளையின் அளவையே ஒட்டிப் போகிறது என்பது அவர்கள் கண்டது. ஆக, அந்தக் கோடுகளில் ஒரு பகுதி தலை அளவைத்தான் காட்டுகிறது. அப்புறம், எந்தக் கோட்டின் மீதும் ‘இது மெஷின் டிராயிங்’ என்று எழுதியிருக்கவில்லை. ஸ்கேன் படத்திலிருந்து ‘வராது’ என்ற தீர்ப்புக்குத் தாவியது வீடியோ எடுத்தவர்.

இந்தத் தாவல் புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் மூளையை நிறுத்துப் பார்த்தார்கள். பெண்ணின் மூளை சராசரியாக ஐந்து அவுன்ஸ் குறைவு, ஆகவே அறிவும் குறைவாகத்தான் இருக்கும் என்று இங்கிலாந்தில் ஜார்ஜ் ரோமனேஸ் 1887இல் எழுதினார். எடையை வைத்து அறிவைச் சொன்னால் யானையிடம்தான் நாம் பாடம் கேட்க வேண்டும் என்பதால் அந்த வாதம் படுத்தது. அப்புறம் 1982இல், இரண்டு மூளைப் பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் பெண்களுக்குப் பருமனாக இருக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. பரிசோதித்த மூளைகள் மொத்தம் 14, அதில் பெண்களுடையவை ஐந்து. ‘பெண்கள் இரண்டு பாதியாலும் யோசிக்கிறார்கள்’ என்று பத்திரிகைகள் இருபது வருடம் எழுதியது அதை வைத்துத்தான். 1997இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் நிற்கவில்லை. 1995இல் இன்னொன்று வந்தது: 19 ஆண்கள், 19 பெண்கள், எதுகைச் சொற்களைக் கண்டுபிடிக்கும்போது ஆண்களுக்கு இடது பக்கம் மட்டும், பெண்களில் 11 பேருக்கு இரண்டு பக்கமும் வேலை செய்தது என்றார்கள். அதற்குப் பிறகு நிறைய பேரைச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மொழி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் ஆண் பெண் வேறுபாடு தேறவில்லை. பெரியப்பா சொன்ன ‘பேச்சு, மொழி இதெல்லாம் வரும்’ என்ற வாசகத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அவர் வேலையில் இருந்த காலத்தில் பத்திரிகைகளில் வந்தது இதுதான், அவர் நம்பியதில் தப்பில்லை.

என் அறையில் நான் பார்ப்பதும் அதைத்தான் சொல்கிறது. இடது மூளையில் பக்கவாதம் வந்தால் ஆணுக்கும் பேச்சு போகிறது, பெண்ணுக்கும் போகிறது. ஐம்பது வயதுப் பெண் ஒருவர், பேரன் பெயரைச் சொல்ல வாயெடுத்துச் சொல் வராமல், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் மொழி இருந்திருந்தால் வலது பக்கம் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டுமே.

வலது பக்கத்துக்கும் ஒரு சம்பவம் சொல்கிறேன். வலது மூளையின் மேல்பின் பகுதியில் அடைப்பு வந்த ஒரு பாட்டி. நாற்பது வருடம் வாசலில் கோலம் போட்ட கை. தாளில் ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, பென்சிலைக் கொடுத்து, சிக்குக் கோலம் போடச் சொன்னேன். வலது பாதியில் கோடு அழகாக வளைந்து வளைந்து போனது. இடது பாதிப் புள்ளிகள் அப்படியே நின்றன. முடித்துவிட்டதாகச் சொல்லி நிமிர்ந்து பார்த்தார். பாதிக் கோலம் இல்லை என்பது அவருக்குத் தெரியவே இல்லை. இதே இடத்தில் அடைபட்ட லாரி ஓட்டுநர்கள் கடிகாரத்தில் ஒன்று முதல் ஆறு வரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவார்கள். இடத்தை அறியும் வேலையை வலது மூளையின் அந்தப் பகுதி அந்தப் பாட்டிக்கும் செய்துகொண்டிருந்தது, ஓட்டுநருக்கும் செய்துகொண்டிருந்தது. பெண்களுக்கு அந்த இடம் காலியாக இல்லை, அம்மா.

சரி, அப்படியானால் வித்தியாசமே கிடையாதா? இருக்கிறது. இல்லை என்று உங்களுக்கு ஆறுதல் சொன்னால் நான் என் தொழிலுக்கு உண்மையாக இருக்க மாட்டேன்.

சொற்பட்டியலைக் கேட்டு நினைவில் வைக்கும் சோதனையில் பெண்கள் சராசரியாக நன்றாகச் செய்கிறார்கள். இதை மறந்துவிட்டால் எங்களுக்குத் தவறு நேரும். மறதி நோய் ஆரம்பித்த பெண்கூட அந்தச் சோதனையில் சமாளித்துவிடுவதால் நோயைத் தாமதமாகக் கண்டுபிடிக்க நேரிடும். இன்னொரு பக்கம், ஒரு முப்பரிமாணப் பொருளை மனதுக்குள்ளேயே திருப்பி, இன்னொரு கோணத்தில் எப்படித் தெரியும் என்று சொல்லும் சோதனை இருக்கிறது. கட்டைகளை ஒட்டிச் செய்த முறுக்கிய உருவம் ஒன்றைக் காட்டி, கீழே உள்ள நான்கில் எது அதே உருவம் திரும்பியது என்று கேட்பார்கள். 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் செய்த சோதனையிலிருந்து வளர்ந்தது. அறிவுத் திறன் சோதனைகளிலேயே ஆண் பெண் சராசரி வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரிவது இதில்தான். ஆண்கள் முன்னால் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் அளவு மாறினாலும், உலகின் பல பகுதிகளிலும் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். சில மாதக் குழந்தைகளிடமே சிறு சாயல் தெரிவதாக 2008இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. பிறப்பில் கொஞ்சம் இருக்கலாம், வளர்ப்பில் நிறைய சேரலாம். எவ்வளவுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிந்தவர் யாருமில்லை.

பெரியப்பா கணக்கு வாத்தியார் என்பதால் இந்த அளவை அவருக்குப் புரியும்படி சொல்கிறேன். இந்தச் சோதனையில் இரண்டு சராசரிகளுக்கும் இடையே உள்ள தூரம், திட்ட விலக்கத்தில் சுமார் 0.6. அதாவது நூறு பெண்களை வரிசையில் நிறுத்தினால் அவர்களில் 27 பேர் சராசரி ஆணைவிட நன்றாகச் செய்வார்கள். உயரத்தை எடுத்துக்கொண்டால் சராசரி ஆணைவிட உயரமான பெண்கள் நூறில் ஐந்து பேர்கூடத் தேற மாட்டார்கள். அறிவுத் திறன் சோதனைகளில் எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசத்தின் கதையே அந்த 0.6தான். மற்றவை இதைவிடச் சிறியவை. 2005இல் ஜேனட் ஹைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 46 திரட்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். அவற்றிலிருந்த ஆண் பெண் வித்தியாசங்களில் 78 சதவீதம் சிறியது அல்லது இல்லவே இல்லை என்ற நிலையில் இருந்தன. உங்கள் மகள் அந்த நூறில் எத்தனையாவது என்பதை அவள் பெண் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. அவளைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். வகுப்பு சராசரி 60 என்பதால் முதல் பெஞ்சுப் பையனுக்கு 60 போட்டுவிட்டு விடைத்தாளைத் திருத்தாமல் விடுவாரா பெரியப்பா?

வாசிப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா தேர்வு 2018இல் நடந்தபோது, கலந்துகொண்ட எல்லா நாடுகளிலும் வாசிப்பில் பெண்கள் முன்னால் இருந்தார்கள். வளர்ந்த நாடுகளின் சராசரியில் அந்த இடைவெளி சுமார் 30 புள்ளி. கணிதத்தில் பையன்கள் முன்னால் இருந்தது 5 புள்ளி. ஆனாலும் எந்த வீட்டிலும் ஒரு பையனிடம் ‘உன் மூளைக்கு வாசிப்பு வராது, வக்கீல் படிப்பை விட்டுவிடு’ என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்லவும் கூடாது. அந்த நியாயம் பெண் பிள்ளைக்கும் வேண்டும்.

இனி அந்த அரியருக்கு வருகிறேன். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் கேட்பது நான் மேலே சொன்ன அதே திறனைத்தான். பெரியப்பா கை வைத்த இடம் தவறில்லை, அங்கிருந்து அவர் வந்த முடிவுதான் தவறு. ‘அறுகோணப் பிரமிடு ஒன்று, அடிப்பக்கம் 25 மி.மீ., அச்சு 50 மி.மீ. ஹெச்.பி.யின் (கிடைத்தளத்தின்) மீது ஓர் அடி விளிம்பில் நிற்கிறது, அச்சு 45 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஃப்ரன்ட் வியூ, டாப் வியூ வரைக.’ கேள்வித்தாளில் இவ்வளவுதான் இருக்கும். படம் இருக்காது. பிரமிடை மனதுக்குள் நிறுத்தி, சாய்த்து, மேலிருந்து பார்க்க வேண்டும். பிளஸ் டூ கணக்கில் இதற்கு அதிகம் வேலை இல்லை, அதனால் அதில் 94 வாங்கியவள் இதில் தடுமாறுவது ஆச்சரியம் இல்லை.

இதே இடத்தில் இதே மாதிரி விழுந்தவர் ஒருவரைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள். ஷெரில் சோர்பி, அமெரிக்கர். மற்ற பாடங்களில் எல்லாம் முதல் தர மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தவர், இன்ஜினியரிங் படிக்கும்போது கிராஃபிக்ஸ் வகுப்பில் முதல் தடவையாகத் திணறினார். பின்னாளில் அவரே மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் கிராஃபிக்ஸ் சொல்லிக்கொடுக்க வந்தார். முதலாண்டு மாணவர்களுக்குப் பொருளைச் சுழற்றிப் பார்க்கும் சோதனை வைத்தபோது, தேறாமல் போவதில் பெண்கள் ஆண்களைப் போல மூன்று மடங்கு இருந்தார்கள். அவர் ‘மூளை அப்படி’ என்று விட்டுவிடவில்லை. 1993இல் ஒரு சிறு பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார். கையால் ஸ்கெட்ச் போடுவது, ஒன்றோடொன்று மாட்டும் சிறு கட்டைகளைக் கட்டி அதை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரைவது, இவ்வளவுதான். அதை முடித்தவர்களின் சோதனை மதிப்பெண் ஏறியது, கிராஃபிக்ஸ் மதிப்பெண் ஏறியது, இன்ஜினியரிங்கை விட்டு ஓடும் பெண்களின் எண்ணிக்கை குறைந்தது.

இது ஒரு கல்லூரியின் அதிர்ஷ்டம் இல்லை. இடம் சார்ந்த திறனுக்குப் பயிற்சி கொடுத்த 217 ஆய்வுகளைத் திரட்டி 2013இல் பார்த்தார்கள். பயிற்சி பலிக்கிறது, பலன் சில காலம் நிற்கவும் செய்கிறது. உண்மையைச் சொல்ல வேண்டும், பயிற்சியால் ஆண்களும் முன்னேறுகிறார்கள், ஆகவே இடைவெளி எப்போதும் மறைந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். டொரன்டோவில் பத்து மணி நேரம் வேகமான சண்டை வீடியோ கேம் விளையாட வைத்தபோது பெண்கள் கூடுதலாக ஏறி இடைவெளி ஏறக்குறைய மூடிய ஆய்வும் உண்டு (2007). ஆனால் உங்கள் மகள் எந்தப் பையனையும் முந்த வேண்டிய தேவை இல்லை, பிரமிடைச் சாய்க்கத் தெரிந்தால் போதும்.

வளர்ப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களில் காசி, கர்பி என்ற இரண்டு பழங்குடி மக்கள் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள். காசி மக்களிடம் சொத்து பெண் வழியில் போகிறது, கடைசி மகளுக்குத் தாய்வீடு. கர்பி மக்களிடம் ஆண் வழி. சுமார் 1,300 பேரிடம் நான்கு துண்டுப் படப் புதிர் ஒன்றைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லி, எடுத்த நேரத்தைக் குறித்தார்கள். 2011இல் வெளியானது. கர்பி கிராமங்களில் ஆண்கள் 36 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். காசி கிராமங்களில் ஆண் பெண் வித்தியாசமே தென்படவில்லை. கர்பி ஆண்கள் அந்தப் பெண்களைவிடக் கூடுதல் வருடம் பள்ளிக்குப் போனவர்கள் என்பதும் அதில் ஒரு காரணமாகத் தெரிந்தது. ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு உலகத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே மலைப் பகுதியில் இடைவெளி இவ்வளவு மாறுகிறதென்றால் எல்லாமே பிறவி என்று யாரும் சொல்ல முடியாது.

வீட்டில் என்ன செய்வது? முதலில் டிராஃப்டரை எடுக்கச் சொல்லாதீர்கள். அது நேர்கோடு போடும் கருவி, அவளுக்குக் குறை நேர்கோட்டில் இல்லை. சமையலறைக்குக் கூப்பிடுங்கள்.

ஒரு நல்ல கேரட் எடுங்கள். அது கூம்பு. சாய்வாக ஒரு வெட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் வெட்டு முகம் எப்படி இருக்கும் என்று தாளில் அவள் வரைய வேண்டும், இதுதான் முக்கியம். வெட்டியதும் அந்த முகத்தைக் குழைத்த மஞ்சளில் தொட்டுத் தாளில் ஒற்றட்டும். நீள்வட்டம் விழும். பாடப் புத்தகத்தில் ‘ட்ரூ ஷேப்’ என்று இருப்பது அதுதான். அடுத்த கேரட்டை அதன் பக்கச் சரிவுக்கு இணையாக, அடி வரை வெட்டினால் பரவளையம் வரும். துணி சோப்புக் கட்டியைக் கத்தியால் சீவி அறுகோணப் பட்டகம் செய்யலாம். அதே பிரமிடைச் செய்து, மேசையில் ஓர் விளிம்பில் நிறுத்திச் சாய்த்து, எழுந்து நின்று மேலிருந்து பார்க்கட்டும். முதலில் ஊகித்து வரைவது, அப்புறம் பார்த்துத் திருத்துவது. தினம் அரை மணி நேரம் போதும். இரண்டு மூன்று வாரத்தில் சோப்பு இல்லாமலே சோப்பு தெரிய ஆரம்பிக்கும்.

‘டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ்’ என்று ஒரு பகுதி வரும், ஒரு பொருளின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்து வரைவது. அதற்கு நீங்களே உட்காருங்கள். சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தால் வட்டத்தின் ஒரு துண்டு கிடைக்கும், கூம்பின் விரிப்பு அதுவே. நீங்கள் பிளவுஸ் வெட்டுவது இதைவிடக் கடினம். வளைந்த உடம்பைத் தட்டைத் துணியில் கொண்டுவருகிறீர்கள், டாட் (மடிப்பு) பிடித்துத் தட்டைத் துணியைத் திரும்ப வளைக்கிறீர்கள். கையை ஏன் மேலே மேடாக வளைத்து வெட்டுகிறீர்கள், நேராக வெட்டினால் தோளில் ஏன் இழுக்கும் என்று அவளுக்குச் செய்து காட்டுங்கள். பத்தாவது படித்த அம்மாவின் கையில் இருப்பது மகளின் மூளைக்கு வராது என்று சொல்ல எந்த ஸ்கேனும் இல்லை.

ஐசோமெட்ரிக், அதாவது பொருளின் மூன்று பக்கமும் ஒரே படத்தில் தெரியும்படி, வரைவதற்கு முக்கோண வாட்டில் புள்ளி வைத்த தாள் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நம் இடுக்குப் புள்ளிக் கோலத்துக்கு வைக்கிற மாதிரி, ஒரு வரிசைப் புள்ளிகளின் இடையில் அடுத்த வரிசை வருமாறு சம தூரத்தில் புள்ளி வைத்துக்கொண்டால் அதேதான். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலத்தின் கட்டமைப்பை வைத்து 1974இலேயே கணினி அறிவியல் கட்டுரை எழுதினார்கள். கோலம் போடத் தெரிந்தால் கிராஃபிக்ஸ் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கோலம் தரையோடு முடிவது, இது ஆழமும் கேட்பது. பழகிய புள்ளியிலிருந்து ஆரம்பித்தால் பயம் குறையும்.

தேர்வறையில் நேரம் ஒரு எதிரி. சுழற்றிப் பார்க்கும் சோதனையில் நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் ஆண் பெண் இடைவெளி சுருங்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். பெண்களில் நிறைய பேர் சரியா சரியா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்வதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே முதல் இரண்டு வாரம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். அப்புறம் பழைய கேள்வித்தாளை எடுத்து மூன்று மணி நேரம் வைத்து எழுதட்டும். வகுப்பில் நன்றாக வரையும் தோழியோ தோழனோ இருந்தால் அவர்களின் ஷீட்டைப் பார்த்து எழுதாமல், அவர்கள் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஏன் இந்தக் கோடு என்று கேட்கட்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சின்ன வயதிலிருந்தே தெரிந்த தெருவிலும் வழி தவறுவது, இடது வலது குழம்புவது, முள் கடிகாரம் பார்க்கத் திணறுவது, ஷூ லேஸ் கட்டவே பல வருடம் ஆனது என்று இவையெல்லாம் சேர்ந்து இருந்தால், மதுரையில் உள்ள ஏதேனும் பெரிய மருத்துவமனையின் உளவியல் பிரிவில் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. சிலருக்கு இடம் சார்ந்த கற்றல் சிரமம் தனியாக இருக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் இருக்கும். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கோர்ஸ் மாற்றுவது பற்றி முடிவு எடுப்பதென்றால் அரியர் எழுதிய பிறகு, அவளையே ஒரு கேள்வி கேட்டு எடுங்கள்: மெஷின்கள் உனக்கு இன்னும் பிடிக்கிறதா? பிடிக்கவில்லை என்றால் மாறட்டும், அது நியாயமான காரணம். 1940களில் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் ஏ. லலிதா என்ற பெண் எலக்ட்ரிக்கல் படித்து முடித்தார். 18 வயதில் கணவரை இழந்தவர், கையில் நான்கு மாதக் குழந்தை. சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்ததை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரைச் சேர்த்துவிட முன்னால் நின்றவர் அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய அப்பா.

அதனால்தான் பெரியப்பாவை நான் முக்கியமாக நினைக்கிறேன். உங்கள் வீட்டில் வடிவியலை வருடக் கணக்கில் கரும்பலகையில் வரைந்து காட்டியவர் அவர் ஒருவர்தான். அவருடைய வகுப்பில் கணக்கு வந்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவருக்கே நினைவிருக்கும். சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு, “அண்ணே, வீடியோவை அப்புறம் பார்ப்போம், இந்தச் சோப்பை அறுகோணமாகச் சீவ இவளுக்குக் கொஞ்சம் கோணம் எடுத்துக் கொடுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். உள்கோணம் 120 டிகிரி என்று அவர் பென்சிலை எடுப்பார். அவள் பக்கத்தில் உட்காரட்டும்.

அரியர் ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மஞ்சள் ஒற்றிய தாள் ஒன்றையும் வைத்து அனுப்பினால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வேன்.